ஆடுதுறை நெல்லுக்கு மேற்கோள் எத்தனை?

தஞ்சாவூர் மாவட்டத்துக்குள் ஆய்வு என்ற பெயரில் நடக்கும் வேலைகள் பலவகை. திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல், கணினி, உயிர்த்தொழில்நுட்பம். திருச்சி சாலையில் 1981-இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டும் ஓலைச்சுவடியும். புதுக்கோட்டை சாலையில் இருக்கும் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் நெல்லை அவிப்பது, உலர்த்துவது, சேமிப்பது. கிழக்கே ஆடுதுறையில் 1922 முதல் நெல் ரகம் உருவாக்கும் வேலை. இவை அனைத்தையும் பார்த்து இன்று கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: எத்தனை கட்டுரை, அவற்றுக்கு எத்தனை மேற்கோள்?

கேள்வி தவறானதல்ல. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துக்காட்டி எழுதினால் அது பயன்பட்டதற்கு ஓர் அடையாளம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேற்கோள் எண்ணிக்கை ஒரே ஒரு பேரேட்டைத்தான் படிக்கிறது. காவிரிப் படுகையில் அறிவின் வரவுசெலவு குறைந்தது மூன்று பேரேடுகளில் எழுதப்படுகிறது. ஒன்றை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் காலி என்று முடிவு கட்டுவதுதான் இன்றைய தரவரிசைகளின் குறை.

எண்ண ஆரம்பித்த கதை

நூலையும் வாசிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் இந்தப் படுகையில் பிறந்தவர். சீ. இரா. அரங்கநாதன், 1892-இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1948-இல் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பா நகரில் நடந்த ஆஸ்லிப் என்ற நூலகச் சங்கத்தின் மாநாட்டில் ‘லைப்ரமெட்ரி’ என்ற துறை தேவை என்று பேசினார். நூலகத்தின் சேவையைப் புள்ளியியலால் சீர்செய்வது அவர் எண்ணம். வாசகருக்கு வேண்டிய நூல் தாமதமில்லாமல் கையில் கிடைக்கிறதா என்பதே அவருடைய கேள்வி. யாரையும் தரம் பிரித்து வரிசைப்படுத்த அவர் எண்ணச் சொல்லவில்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1955-இல், யூஜின் கார்ஃபீல்டு ‘சயின்ஸ்’ இதழில் மேற்கோள் அட்டவணை பற்றி எழுதினார். அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதல் பயன்படுத்திவந்த ஷெப்பர்டு அட்டவணைதான் அவருக்கு முன்மாதிரி. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். அதே ஏற்பாட்டை அறிவியலுக்குக் கொண்டுவந்து, 1964-இல் பிலடெல்ஃபியாவிலிருந்து சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸை வெளியிட்டார். தேடுபவருக்கு வழிகாட்டுவதே அதன் வேலை. இதழ்களை ஒப்பிட இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியல் 1975-இல் வந்தது. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகர் பார்க்க அது உதவியது. தனி ஆய்வாளரை ஒரே எண்ணில் அடக்கும் எச்-இண்டெக்ஸ் 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொடுத்தது. இப்படித் தேடுவதற்கு வந்த கருவி இதழை எடைபோட்டது, பிறகு ஆளை எடைபோட்டது, கடைசியில் துறையையும் நிறுவனத்தையும் எடைபோட வந்து நிற்கிறது.

இந்தியாவில் இந்தக் கடைசிக் கட்டம் 2016-இல் வெளிவந்த முதல் என்ஐஆர்எஃப் (தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பு) தரவரிசையோடு உறுதிப்பட்டது. பல்கலைக்கழகப் பிரிவில் ஆய்வுக்கு 100-க்கு 30. அதில் பெரும்பங்கு கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கும் அவை பெற்ற மேற்கோள்களுக்கும் போகிறது. எண்கள் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இரண்டு தரவுத்தளங்களிலிருந்து எடுக்கப்படுகின்றன.

துறை எங்கே இருக்கிறது?

நிறுவனத்தின் எண்ணைக் கண்டுபிடிப்பதே சிரமம். ஒரு துறையின் எண்ணைக் கண்டுபிடிப்பது அதைவிடச் சிரமம். தரவுத்தளத்தில் ‘துறை’ என்று நம்பகமான பெட்டி கிடையாது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் தட்டச்சு செய்யும் முகவரி வரி ஒன்றுதான் ஆதாரம். அந்த வரியில் ஒருவர் துறைப் பெயரை எழுதுவார், இன்னொருவர் ஆய்வு மையத்தின் பெயரை எழுதுவார், மூன்றாமவர் பல்கலைக்கழகத்தோடு நிறுத்திக்கொள்வார். ஆடுதுறை நிலையம் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அங்கிருந்து வரும் கட்டுரை பல்கலைக்கழகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆடுதுறையின் பெயரில் தனியாகத் தெரிய வேண்டுமானால் யாராவது முகவரி வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பிரிக்க வேண்டும்.

புதுக்கோட்டை சாலை நிறுவனத்தின் கதை இன்னும் சிக்கல். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம், பிறகு பயிர் பதன நிறுவனம், பிறகு உணவுப் பதன நிறுவனம், 2021-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் நிஃப்டெம் என்று நான்கு பெயர்களில் அதன் கட்டுரைகள் கிடக்கின்றன. பெயர் மாறியதைத் தரவுத்தளம் இணைக்காவிட்டால் பழைய மேற்கோள்கள் எல்லாம் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தமானவை போலத் தோன்றும்.

ஆளின் பெயரிலும் அதே தொல்லை. தமிழர்களுக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். எஸ். ராஜேந்திரன் என்பவர் ஓர் இதழில் ராஜேந்திரன் எஸ்., இன்னொன்றில் தந்தை பெயரை விரித்து ராஜேந்திரன் சுப்பிரமணியன், வேறொன்றில் சுப்பிரமணியன் ஆர். என்று மூவராகப் பிரிவார். மறுபக்கம், ஐந்து எஸ். ராஜேந்திரன்கள் ஒருவராகச் சேர்ந்துவிடவும் கூடும். பத்துப் பேர் கொண்ட துறையில் இரண்டு பேருக்கு இப்படி ஆனாலே துறையின் கணக்கு மாறிவிடும்.

சராசரியின் வேடிக்கை

எண் சரியாகக் கிடைத்தாலும் அதைக் கூட்டி வகுப்பதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு துறை பத்துக் கட்டுரை வெளியிட்டதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது கட்டுரைக்குத் தலா 2 மேற்கோள், ஒன்றுக்கு 180. சராசரி 19.8. பத்தையும் ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் இருப்பதைப் பார்த்தால் 2. விளம்பரத்தில் 19.8 வரும். அந்த 180-ம் ஐம்பது பேர் சேர்ந்து எழுதிய ஒரு தொகுப்புக் கட்டுரைக்கு வந்ததாக இருக்கலாம்; துறையைச் சேர்ந்தவர் அந்த ஐம்பது பேரில் ஒருவராக மட்டும் இருக்கலாம். மேற்கோள்கள் எங்கும் இப்படித்தான் விழும். ஒருசிலவற்றுக்கு மழை, மற்றவற்றுக்குத் தூறல். ஆகவே சராசரியை மட்டும் சொல்லும் எந்த அறிக்கையும் பாதிச் செய்திதான்.

அடுத்தது துறைக்குத் துறை மாறும் வழக்கம். உயிர்வேதியியலில் ஒரு கட்டுரையின் முடிவில் அறுபது எழுபது சான்றுகள் இருக்கும். கணிதத்தில் பல நேரம் இருபதோடு முடிந்துவிடும். கொடுப்பவர் குறைவாகக் கொடுக்கும் இடத்தில் வாங்குபவருக்கும் குறைவாகத்தான் வரும். இதைச் சரிக்கட்ட, ஒரு கட்டுரையின் மேற்கோளை அதே துறையில் அதே ஆண்டில் வந்த கட்டுரைகளின் உலகச் சராசரியால் வகுக்கிறார்கள். உதாரணத்துக்கு, கணிதத்தில் சராசரி 2 என்றால் 4 மேற்கோள் பெற்ற கட்டுரையின் மதிப்பு 2.0. உயிர்வேதியியலில் சராசரி 12 என்றால் 9 பெற்ற கட்டுரையின் மதிப்பு 0.75. வெறும் எண்ணில் பின்தங்கிய கணிதத் துறை இந்தக் கணக்கில் முன்னே வந்துவிடும். சாஸ்த்ராவின் பொறியியல் துறையையும் கணிதத் துறையையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்க இது ஓரளவு நியாயமான வழி. ஆனால் வகுப்பதற்கும் முதலில் தரவுத்தளத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சிக்கல் அங்கே தொடங்குகிறது.

அடிக்குறிப்பில் மறையும் வேலை

இரண்டாவது பேரேடு அடிக்குறிப்புகளில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் படித்துத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் 66-ஆம் எண் கல்வெட்டு, இராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பட்டியல். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருச் சிறகில் எந்த வீடு என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் போகும் கல்வெட்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். நாட்டிய வரலாறு, பெண்கள் வரலாறு, கோயில் பொருளாதாரம் என எதை எழுதினாலும் இங்கே வராமல் முடியாது. வருபவர் அடிக்குறிப்பில் என்ன எழுதுகிறார்? ‘தெ.இ.க. 2: 66.’ அவ்வளவுதான். படியெடுத்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, இதழ் இல்லை. கணினியால் இந்தக் குறிப்பை எந்த ஆசிரியருக்கும் எந்த நிறுவனத்துக்கும் வரவு வைக்க முடியாது.

நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுய் மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களைத் திரட்டி மூன்று தொகுதிகளாக 1978-இல் வெளியிட்ட அடைவு இன்னொரு சான்று. வெளியிட்டது மதுரையில் உள்ள சர்வோதய இலக்கியப் பண்ணை. ஒரு பட்டம் எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்துச் சோழ அரசின் அமைப்பைப் பேசும் முறைக்கு அதுவே அடித்தளம். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சுப்பராயலு பின்னர் 2002-03-இல் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியை இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அகராதியைப் புரட்டிப் பொருள் தெரிந்துகொண்டவர்கள் பெரும்பாலும் அதை அடிக்குறிப்பில் எழுதுவதில்லை. அடிப்படைக் கருவிகளின் கதி எங்கும் இதுதான்: எவ்வளவு அதிகம் பயன்படுகிறதோ அவ்வளவு இயல்பாகி, பெயர் சொல்லாமலே பயன்படத் தொடங்குகிறது.

தமிழில் எழுதியதற்கு இன்னொரு சுவர். ஓர் இதழ் ஸ்கோபஸில் இடம்பெற வேண்டுமானால் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், சான்றுப் பட்டியல் ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தமிழ் நூல்களையும் தமிழ்க் கட்டுரைகளையும் தமிழிலேயே சுட்டும் ஓர் இதழ், உள்ளடக்கம் எவ்வளவு தரமானதாக இருந்தாலும், வாசலிலேயே நின்றுவிடும். அதனால் தமிழ்த் துறை ஒன்றின் மேற்கோள் எண்ணிக்கை பூச்சியம் என்று வந்தால், அந்தத் துறை நன்றாக வேலை செய்ததா இல்லையா என்று அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது.

நெல்லின் வம்சாவளி

மூன்றாவது பேரேடு ஆடுதுறையில் இருக்கிறது. நெல் ரகம் உருவாக்குபவர்கள் கட்டுரை எழுதாமல் இல்லை. ஆனால் அவர்கள் வேலையின் உண்மையான சான்றுப் பட்டியல் ரகத்தின் பெற்றோர் வரிசையில் இருக்கிறது. ஆடுதுறை 36-இன் பெற்றோர் திரிவேணியும் ஐ.ஆர். 20-ம். ஆடுதுறை 39-க்கு ஐ.ஆர். 8-ம் ஐ.ஆர். 20-ம். ஆடுதுறை 43-க்கு ஐ.ஆர். 50-ம் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியும். ஆடுதுறை 45-க்கு ஐ.ஆர். 50-ம் ஆடுதுறை 37-ம். ஒரு ரகத்தை இன்னொரு ரகத்தின் பெற்றோராகத் தேர்ந்தெடுப்பதைவிடக் கனமான மேற்கோள் எது? கட்டுரையின் முடிவில் மரியாதைக்காக ஒரு பெயரைச் சேர்த்துவிடலாம். ஒட்டுச் சேர்க்கைக்கு யாரும் மரியாதைக்காக ஒரு நெல்லைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். பத்தாண்டு உழைப்பு வீணாகிவிடும்.

இந்த வரிசையைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் ஜி.இ.பி. 24-இல் போய் நிற்கும். 1921-இல் கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகம். அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவியின் ஆங்கிலத் தலைப்பெழுத்துகளே அதன் பெயர். அது கோ 18-உடன் சேர்ந்து டி.கே.எம். 6 ஆனது. டி.கே.எம். 6 பிலிப்பைன்ஸ் போய் ஐ.ஆர். 20-க்கு ஒரு பெற்றோர் ஆனது. ஐ.ஆர். 20 திரும்பி வந்து ஆடுதுறை 36-க்கும் 39-க்கும் பெற்றோர் ஆனது. தலைமுறை தலைமுறையாக நீளும் மேற்கோள் சங்கிலி இது. ஸ்கோபஸில் இதன் ஒரு கண்ணியும் எண்ணப்படாது.

அதே ஜி.இ.பி. 24-ஐ ஜப்பானின் நோரின் 10 நெல்லுடன் சேர்த்து உருவான ஆடுதுறை 27 அறுபதுகளின் நடுவில் வெளிவந்தது. 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சாவூரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததால் அது குறுவையில் வேகமாகப் பரவியது. விளைச்சல் கூடியது, கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்தது. அறுவடை வடகிழக்குப் பருவமழையில் போய் விழுந்தது. ஈர நெல் களத்திலேயே முளைத்தது, நிறம் மங்கியது. அந்த ஈர நெல்லைக் காப்பாற்ற வழி தேடி 1967-இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஓர் ஆய்வகம் தொடங்கியது. அதுதான் வளர்ந்து தஞ்சாவூருக்கு வந்து இன்றைய நிஃப்டெம் ஆனது. ஒரு துறையின் கண்டுபிடிப்பு இன்னொரு ஆய்வு நிறுவனத்தையே பிறக்கவைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய தாக்கம் ஒரு துறைக்கு வாய்ப்பது அரிது. ஆனால் மேற்கோள் பேரேட்டில் அந்தக் காலத்தைத் தேடினால், தஞ்சாவூருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கிய ஃபிரான்சின் ஃபிராங்கலின் 1971-ஆம் ஆண்டுப் பசுமைப் புரட்சி நூல்தான் முதலில் கிடைக்கும். நூல் அந்தப் புகழுக்குத் தகுதியானதே. நெல்லை உருவாக்கியவர்கள்தான் அதில் பதிவாகவில்லை.

இரண்டு பேரேடுகளும் சந்திக்கும் இடமும் உண்டு. வெள்ளத்தில் மூழ்கினாலும் நெல்லைப் பிழைக்கவைக்கும் சப்-1 மரபணுவை ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து வந்த எஃப்.ஆர். 13ஏ ரகத்தில் அடையாளம் கண்ட கட்டுரை 2006-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. உலகம் முழுக்க மேற்கோள் பெற்றது. அந்த மரபணுவைச் சம்பா விவசாயிகள் விரும்பிப் போடும் சி.ஆர். 1009-இல் ஏற்றி, மற்றக் குணங்கள் கெடாமல் மீட்டெடுத்தது தமிழ்நாட்டு ரக ஆய்வாளர்களின் வேலை. நவம்பரில் வயல் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பயிர் மீண்டும் துளிர்க்கிறது. முதல் வேலைக்குத் தரவரிசையில் பெருமதிப்பு. இரண்டாவதற்குக் கணக்கு எங்கே? வேளாண் துறையின் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதைப் பதிவேடுகளில் இருக்கிறது. எந்த ரகத்துக்கு எந்த ஆண்டு எத்தனை டன் கேட்டார்கள் என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது. யாரும் அதை ஆய்வின் தாக்கமாகப் படிப்பதில்லை.

மூன்று ஆண்டு போதுமா?

என்ஐஆர்எஃப் பார்க்கும் மூன்று ஆண்டுச் சாளரம் ஆடுதுறைக்கு மட்டும் குறுகியதல்ல. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், 1920 ஜனவரியில் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகளைப் பற்றிச் சொன்னார். வாட்சன் அதை எடுத்து எழுதியது 1936-இல். ராமானுஜனின் தொலைந்துபோன நோட்டுப்புத்தகத்தை ஆண்ட்ரூஸ் கேம்பிரிட்ஜில் கண்டெடுத்தது 1976-இல். அந்தச் சார்புகள் உண்மையில் என்ன என்பதை ஸ்வேகர்ஸ் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கியது 2002-இல். அதற்குப் பிறகுதான் மேற்கோள் வெள்ளம். 1923-இல் யாராவது மூன்று ஆண்டுக் கணக்குப் பார்த்திருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். ராமானுஜன்கள் தினமும் பிறப்பதில்லைதான். ஆனால் கணிதம், வரலாறு, மொழியியல் போன்ற துறைகளில் பத்தாண்டு கடந்த கட்டுரைகள் சாதாரணமாகவே மேற்கோள் பெற்றுக்கொண்டிருக்கின்றன.

எண்ணே இலக்கானால்

ஓர் அளவையை இலக்காக்கினால் அது அளவையாக இருப்பதை நிறுத்திவிடும் என்பது பொருளாதாரத்தில் குட்ஹார்ட் விதி என்ற பெயரில் வழங்கிவரும் எச்சரிக்கை. தமிழ்நாடு அதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களைத் தேர்வின் பகுதியாக ஆய்வுக் கட்டுரை எழுதவைத்தது, அவை அதே கல்லூரியின் கட்டுரைகளைப் பெருமளவில் மேற்கோள் காட்டின என்று 2023-இல் ‘சயின்ஸ்’ இதழில் செய்தி வந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து ஒரே மூச்சில் 4,305 இதழ்களை நீக்க வேண்டியிருந்தது. அதன்பின் கொண்டுவந்த கேர் என்ற இதழ்ப் பட்டியலையும் 2025-இல் கைவிட்டு, இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையை என்ஐஆர்எஃப் 2025-இல் கொண்டுவந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் இவையெல்லாம் ஒரே பேரேட்டில் கள்ளக்கணக்கைப் பிடிக்கும் முயற்சிகள்; மற்ற பேரேடுகளைத் திறக்கும் முயற்சி இன்னும் தொடங்கவில்லை.

என்ன செய்யலாம்?

மேற்கோள் அளவீட்டு வல்லுநர்களே சேர்ந்து 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட லைடன் அறிக்கையில் பத்து நெறிகள் உண்டு. மூன்றாவது நெறி, வட்டாரத்துக்கு உரிய ஆய்வின் சிறப்பைக் காக்கச் சொல்கிறது. தஞ்சாவூரில் அதை நடைமுறைப்படுத்த முதலில் வேண்டியது, ஒரு துறையை அதே வகைத் துறையோடு மட்டும் ஒப்பிடுவது. கல்வெட்டுத் துறையை மைசூரிலோ புதுச்சேரியிலோ நடக்கும் கல்வெட்டு வேலையோடு ஒப்பிடலாம். பக்கத்து ஊர் நானோ தொழில்நுட்பத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. பொறியியலிலும் வேதியியலிலும் துறைவாரியாகச் சீராக்கிய மேற்கோள் கணக்கை, நடு எண்ணையும் சேர்த்து, தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே அது தனக்குரிய வேலையைச் செய்கிறது.

அடுத்து, ஒவ்வொரு துறையும் பத்தாண்டில் தான் செய்த ஐந்து வேலைகளைத் தேர்ந்து, எந்த மொழியில் இருந்தாலும், வெளியார் இருவரிடம் படிக்கக் கொடுக்கட்டும். கூடவே தன் பேரேட்டின் சான்றுகளையும் வைக்கட்டும். ஆடுதுறை விதைப் பதிவேட்டையும், தன் ரகங்களைப் பெற்றோராகக் கொண்ட புதிய ரகங்களையும் காட்டலாம். நிஃப்டெம் உலர்த்தும் முறை எத்தனை ஆலையில் நடைமுறையில் இருக்கிறது என்று காட்டலாம். யாரும் சரிபார்க்கக்கூடிய பதிவு அல்லாத எதையும் ஏற்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் சுயபுராணம் எழுதுவதில் போய் முடியும்.

தமிழுக்குத் தேவையான கருவியை நாம்தான் செய்துகொள்ள வேண்டும். தமிழ் ஆய்விதழ்களின் அடிக்குறிப்புகளைத் தமிழ் எழுத்திலேயே திரட்டும் ஒரு மேற்கோள் அட்டவணை. கூடவே ஆங்கிலத்தில் ஒய். சுப்பராயலுவும் தமிழில் எ. சுப்பராயலுவும் ஒருவரே என்று சொல்லும் பெயர்ப் பட்டியல். கல்வெட்டு எண்ணிலிருந்து பதிப்பாசிரியருக்கு வழி காட்டும் இணைப்பு. தமிழ்ப் பல்கலைக்கழகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் கைகோத்தால் இது நடக்காத காரியமல்ல.

அப்படி ஒன்று வந்தால் தமிழ்த் துறைகள் எல்லாம் மகிழும் என்று சொல்ல முடியாது. தமிழில் எழுதியதால்தான் யாரும் எண்ணவில்லை என்ற சமாதானம் அன்றோடு போய்விடும். பதவி உயர்வுக்காக அச்சடித்து, ஆசிரியரைத் தவிர எவரும் புரட்டாத கட்டுரைகளுக்கு அன்று வரும் பூச்சியம் உண்மையான பூச்சியமாக இருக்கும். அந்தக் கணக்கைத் தாங்கத் தயாராக இருக்கும் துறைக்குத்தான் இன்றைய தரவரிசை அநியாயம் என்று வாதாடும் தகுதி இருக்கிறது.